முதியோர் செவியும் வைத்தியர் எழுதும் துண்டும்

ஐம்பொறிகளுள் கண்ணுக்கு உள்ள மதிப்பு, வழக்கிலே, செவிக்கு இல்லை. வீட்டில் முதியவர் ஒருவரின் கண்ணிலே புகை படர்ந்தால் அதனை எல்லோரும் விரைவில் அறிந்துகொள்வர். அவர் சுவரைத் தடவி நடப்பதைக் கண்டு இரங்குவர். கண்ணாடி வாங்கவோ, புரையை அகற்றவோ வழி தேடுவர். செவி மங்கும்போது நிகழ்வது வேறு. அதனை முதலில் உணர்பவர் செவி மங்கியவர் அல்லர், அவரோடு பேசுபவரே. அவரும் அதனை நோயென்று கொள்வதில்லை. 'தாத்தாவுக்கு இப்போதெல்லாம் எதிலும் கவனம் இல்லை' என்று சொல்லிவிட்டுப் போகிறார். கண் குறைந்தவரிடம் இரக்கம் காட்டும் உலகம், காது குறைந்தவரைக் கண்டு நகைக்கிறது. தமிழ் நாடக மேடையிலே ஒன்றைக் கேட்டால் மற்றொன்றைச் சொல்லும் செவிட்டுப் பாத்திரம் எத்தனையோ தலைமுறைகளைச் சிரிக்க வைத்திருக்கிறது. கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரின் மொழியைப் பேசுவோர் இவ்வாறு சிரித்துக்கொண்டிருப்பது வியப்புத்தான்.

முதுமையில் வரும் இக்குறை அரிதான ஒன்றன்று. உலக சுகாதார நிறுவனம் 2021 ஆம் ஆண்டிலே வெளியிட்ட கேட்டல் பற்றிய அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோர் ஏதோ ஓரளவு செவிக்குறையுடன் வாழ்கின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 43 கோடிப் பேருக்கு அக்குறை வாழ்க்கையைத் தடுக்கும் அளவினது. அறுபது வயதைத் தாண்டியவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் இந்நிலையில் உள்ளனர். இலங்கையோ விரைந்து முதுமையடையும் நாடு. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே மக்களுள் நூற்றுக்கு 12.4 பேர் அறுபது வயதை எட்டியிருந்தனர்; அதன்பின் அத்தொகை இன்னும் உயர்ந்துள்ளது. ஆயினும் காது கேட்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக வைத்தியரை நாடிச் செல்லும் முதியவர் மிகச் சிலரே. இரத்த அழுத்தத்துக்கும், நீரிழிவுக்கும், முழங்கால் வலிக்கும் மாதந்தோறும் செல்கின்றனர். காதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆதலின் இக்குறையைக் கண்டறியும் பொறுப்பு, அவரை வேறு நோய்க்காக அடிக்கடி பார்க்கும் வைத்தியரையே சாரும்.

கேகாலை மாவட்டத்துத் தோட்டங்களிலே அந்த வைத்தியர் யார்? குடும்ப வைத்தியம் என்னும் துறை இலங்கையில் நன்கு வேரூன்றியது. பொது வைத்தியர்களுக்கான கல்லூரி 1974 ஆம் ஆண்டிலேயே அமைந்துவிட்டது. ஆனால் அத்துறையிற் பயின்றோர் பெரும்பாலும் நகரங்களிலேயே தொழில் செய்கின்றனர். எட்டியாந்தோட்டை, தெஹியோவிட்ட, தெரணியகலை, புளத்கொஹுபிட்டிய ஆகிய பகுதிகளின் இறப்பர்த் தோட்டங்களில் வாழ்வோருக்குக் குடும்ப வைத்தியராய் அமைபவர், தோட்டத்து மருந்தகத்தில் உள்ள வைத்திய உதவியாளர்; அல்லது அயலிலுள்ள பிரதேச வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவு வைத்தியர்; அல்லது மாலையிலே பஸ் நிலையத்தருகில் தனியார் சிகிச்சை நிலையம் நடத்துபவர். தோட்டத்து மருத்துவ ஏற்பாடு மிகப் பழையது; 1872 ஆம் ஆண்டிலே பிரித்தானிய ஆட்சி இயற்றிய மருத்துவத் தேவைகள் சட்டத்திலிருந்து தொடங்குவது. காய்ச்சல், பேறு, வயிற்றோட்டம், வெட்டுக்காயம் என்பவற்றை நோக்கியே அது வளர்ந்தது. முதியவரின் செவி அதன் கணக்கிலே இடம்பெற்றதில்லை.

முதுமையிற் செவி எவ்வாறு மங்குகிறது என்பதை அறிந்தால், அது ஏன் மறைந்து கிடக்கிறது என்பதும் விளங்கும். உட்செவியிலே நத்தையின் ஓடுபோலச் சுருண்ட உறுப்பு ஒன்று உண்டு. அதன் உள்ளே ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிர்க்கலங்கள் வரிசையாய் நிற்கின்றன. ஒலியதிர்வை நரம்புக்கு உரிய செய்தியாக மாற்றுவன இவையே. சுருளின் அடிப்பாகத்தில் உள்ளவை உயர்ந்த சுருதியையும், நுனியில் உள்ளவை தாழ்ந்த சுருதியையும் ஏற்கும். வயது ஏற ஏற முதலில் அழிவன அடிப்பாகத்துக் கலங்கள். மனிதரிடத்தில் அழிந்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. எனவே முதியவருக்கு மத்தளத்தின் தொப்பி கேட்கும், லொறியின் உறுமல் கேட்கும், இடி கேட்கும். குருவியின் கீச்சொலியும், பேத்தியின் மெல்லிய குரலும், பேச்சிலுள்ள நுண்மையான மெய்யொலிகளும் கேளாமற் போகும்.

இவ்விடத்தே தமிழ்ப் பேச்சையே எடுத்துப் பார்க்கலாம். உயிரொலிகள் வலிமை மிக்கவை. க, ச, த, ப போன்ற வல்லின ஒலிகள் கணப்பொழுதில் தோன்றி மறையும் மெல்லிய ஓசைகள். செவி மங்கியவருக்குப் 'பாக்கு' என்பதும் 'பாட்டு' என்பதும் ஒன்றே. 'பத்து' என்பதும் 'பட்டு' என்பதும் ஒன்றே. இதனினும் ஆபத்தானது வேறொன்று. உகரத்தையும் இகரத்தையும் பிரித்துக் காட்டும் ஒலிக்கூறு உயர்சுருதியிலேயே அமைந்துள்ளது. அது கேளாதவிடத்து 'முன்' என்பதற்கும் 'பின்' என்பதற்கும் உள்ள வேறுபாடு மிகவும் தேய்ந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு முன் விழுங்க வேண்டிய நீரிழிவு மாத்திரையும், சாப்பாட்டுக்குப் பின் விழுங்க வேண்டிய வலி மாத்திரையும் ஒரே பையில் வீடு சேரும்போது, அந்த ஒரு சொல்லிலே ஓர் உடலின் நலம் தங்கியிருக்கிறது.

இவ்வகை முதியவர் சொல்லும் முறைப்பாடும் இதற்கு ஏற்பவே அமையும். 'கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை' என்பார். இது முழு உண்மை. வீட்டார் இதனைக் கேட்டுச் சினந்து உரத்துக் கத்தினால், 'ஏன் கத்துகிறாய், நான் என்ன செவிடனா?' என்று அவரும் சினப்பார். இதுவும் நடிப்பன்று. அழிந்த கலங்களையுடைய செவிக்கு மெல்லொலி கேளாது. வல்லொலியோ திடீரென மிகையாய்த் தாக்கும். இரண்டுக்கும் நடுவே இதமாய்க் கேட்கும் எல்லை ஒடுங்கிவிடுகிறது. இதனை அறியாத வீடுகளிலே இதனால் எழும் மனக்கசப்புக்கு அளவில்லை.

வயது ஒன்றே காரணம் என்றும் கொள்ளுதற்கில்லை. உழைத்த இடத்து இரைச்சலும் மயிர்க்கலங்களை அழிக்கும். இறப்பர்த் தொழிற்சாலையின் உருளை இயந்திரங்கள், தேயிலைத் தொழிற்சாலையின் காற்றாடிகள், அரைக்கும் இயந்திரங்கள், இம்மாவட்டத்துப் போகலைப் பென்சிற்கரிச் சுரங்கத்தின் துளைப்பான்கள் ஆகியவற்றின் அருகே இளமையைக் கழித்தவர் பலர் காதுக்குக் காப்பு அணிந்தவரல்லர். சில மருந்துகளும் செவியைத் தாக்கும். காசநோய்க்கு ஊசியாய் ஏற்றப்பட்ட ஸ்ட்ரெப்ரோமைசின் அவற்றுள் ஒன்று, ஜென்ரமைசின் மற்றொன்று. கொயினாவைப் பற்றியும் ஒரு சொல். 1934–35 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோய் இலங்கையிலே 80,000 பேர் அளவில் பலிகொண்டபோது, மிகக் கொடுமையாகத் தாக்குண்ட பகுதிகளுள் கேகாலையும் ஒன்று. அக்காலத்திலே கொயினா குடித்தவர்கள் 'காதுக்குள்ளே வண்டு இரைகிறது' என்றனர். அந்தத் தலைமுறை மறைந்துவிட்டது. 2016 ஆம் ஆண்டிலே இலங்கை மலேரியா அற்ற நாடு என்ற சான்றும் பெற்றுவிட்டது. எனினும் உடலின் ஒரு நோயைத் தீர்க்கும் மருந்து செவிக்கு என்ன செய்கிறது என வினவும் பழக்கத்தை அந்த வண்டின் இரைச்சல் அன்றே கற்பித்திருக்க வேண்டும்.

இனி, கேகாலைக்கே சிறப்பாய் உரிய இடர் ஒன்று உண்டு. அது மொழி பற்றியது. இம்மாவட்டத்தில் சிங்களம் பேசுவோரே மிகப் பெரும்பான்மையினர். வைத்தியசாலையின் வைத்தியரும் தாதியரும் பெரும்பாலும் சிங்களமே பேசுவர். எழுபது வயதான பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் அங்கே செல்வதாகக் கொள்க. வெளிநோயாளர் பிரிவிலே நூறு பேரின் இரைச்சல். வைத்தியர் கிளினிக் கொப்பியில் எழுதியவாறே, தலை நிமிராமல், முகமூடிக்குள்ளிருந்து வினவுகிறார். முதியவர் புன்னகைத்து 'ஹரி, மஹத்தயா' என்கிறார். இன்னொரு வினா, மறுபடியும் 'ஹரி, மஹத்தயா.' இவருக்குச் சிங்களம் தெரியாது என வைத்தியர் முடிவு செய்கிறார். உடன்வந்த மகளும் அவ்வாறே எண்ணி, தானே மறுமொழி சொல்லத் தொடங்குகிறாள். செவிக்குறை மொழிக்குறையின் போர்வைக்குள் ஒளிந்துகொள்கிறது.

உண்மை என்னவெனில், அந்த முதியவருக்குச் சிங்களம் நன்கு தெரியும். மலைநாட்டின் உயர்ந்த தேயிலைத் தோட்டங்களைப் போலன்றிக் கேகாலையின் இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களோடு இடைகலந்து கிடப்பவை. கடையிலும் சந்தையிலும் விகாரைப் பெரஹராவிலும் கேட்டுக் கேட்டு, இளமையிலேயே அம்மொழியைப் பேசப் பழகிய முதியோர் அங்கே பலர். அப்படிப்பட்டவர் ஒருவர் அறுபத்தைந்து வயதிலே சிங்களத்தை 'மறந்துவிட்டார்' என்றால், மறதியை ஐயுறுவதற்கு முன் செவியை ஐயுறுதல் வேண்டும். தாய்மொழியைக் கேட்கும்போது பாதி ஒலி விழுந்துபோனாலும், மீதியைக் கொண்டு மனம் சொல்லை நிரப்பிக்கொள்ளும். பின்னர்க் கற்ற மொழியில் இந்த நிரப்பும் திறன் குறைவு. இரைச்சலினிடையே பேச்சை விளங்குவதில் இரண்டாம் மொழியே முதலிற் சோர்வடைகிறது என்பதை ஆய்வுகளும் காட்டியுள்ளன. இருமொழி பேசிய முதியவரிடத்தே இரண்டாம் மொழி தேய்வது, செவி தேய்வதன் முன்னறிவிப்பாக இருக்கக்கூடும். இதனை அறிந்த வைத்தியர், 'சிங்களம் தெரியாதவர்' என்று எழுதுவதற்கு முன், 'முன்பு சிங்களத்தில் நன்றாகப் பேசுவாரா?' என்று மகளிடம் ஒரு வினா எழுப்புவார். அதற்கு வேண்டிய நேரம் பத்து விநாடி.

சோதனையும் எளிதே. செவியினுள் ஒளி பாய்ச்சிப் பார்த்தல் முதற்படி. முதியோருட் பலருக்குக் குறும்பி இறுகி அடைத்திருக்கும். அதனை முறைப்படி அகற்றியவுடனே கேட்டல் திரும்புவதும் உண்டு. இதற்குப் பெரிய வைத்தியசாலை தேவையில்லை. தீக்குச்சியும், கோழியிறகும், காய்ச்சிய எண்ணெயும் கொண்டு வீட்டிலே செய்யும் வைத்தியம்தான் செவிப்பறையைக் கெடுப்பது. அடுத்தது இரகசியக் குரற் சோதனை. வைத்தியர் முதியவரின் பின்புறத்தே ஒரு கைநீளத் தூரத்தில் நின்று, ஒரு காதின் வாயிலை விரலால் மெல்லத் தேய்க்கச் செய்து, மற்றக் காதுக்கு எண்களையும் எழுத்துக்களையும் கலந்து கிசுகிசுப்பார். அவர் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பின்புறம் நிற்பது உதடு தெரியாமைக்காக. சொன்னவற்றிற் பாதிக்கு மேல் தவறினால் மேற்சோதனை வேண்டும். கேகாலையிலே இச்சோதனைக்கு ஒரு நிபந்தனை உண்டு: எண்கள் முதியவரின் தாய்மொழியில் இருத்தல் வேண்டும். 'தெக்க, ஹதர' என்று கிசுகிசுத்துவிட்டு, மறுமொழி வரவில்லையென்றால் தவறியது செவியா மொழியா என்று எவரும் சொல்ல இயலாது. தமிழில் ஒன்று முதல் பத்துவரை எண்ணக் கற்பதற்குச் சிங்கள வைத்தியருக்கு ஒரு மாலைப்பொழுது போதும். தாதி ஒருவர் தமிழர் எனின் அதுவும் வேண்டா.

காத்திருக்க இயலாத நிலைகளும் சில உள. மூன்று நாட்களுக்குள் திடீரெனக் கேட்டல் போய்விட்டால் அது அவசர நோய். அன்றே காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்ப வேண்டும். தொடக்க நாட்களிலே கொடுக்கும் மருந்தினாலேயே மீட்சிக்கு வாய்ப்பு மிகுதி. ஒரு காது மட்டும் மங்குவதும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருப்பதும், தலைசுற்றலோடு மங்குவதும், நீரிழிவு உடையவருக்குக் கடும் வலியோடு காதில் சீழ் வடிவதும் வயதின் இயல்பு என ஒதுக்கத்தக்கன அல்ல.

எஞ்சியோருக்கு வேண்டுவது, தோட்டத்து வழக்கிலே சொன்னால், ஒரு துண்டு. காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்கு வைத்தியர் எழுதும் கடிதமே அது. கேகாலை நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்கோ, களனிப் பள்ளத்தாக்குப் பகுதியினராயின் கரவனெல்லை, அவிசாவளை வைத்தியசாலைகளுள் ஒன்றின் மூலமோ, இறுதியிற் கொழும்புத் தேசிய வைத்தியசாலைக்கோ அத்துண்டு வழி திறக்கும். ஆனால் துண்டு எழுதப்படுவதே அரிது. இது இலங்கைக்கு மட்டும் உரிய குறையன்று. 1948 ஆம் ஆண்டு முதலே செவிக்கருவியை இலவசமாய் வழங்கிவரும் பிரித்தானியாவிலும், காது கேட்கவில்லை என்று குடும்ப வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னவர்களுள்ளேயே நூற்றுக்கு 30 முதல் 45 பேர் வரை மேற்சோதனைக்கு அனுப்பப்படவில்லை என்று அங்குள்ள தொண்டு நிறுவனங்கள் எடுத்துக்காட்டியுள்ளன. 'வயதானால் அப்படித்தான்' என்னும் ஒரு வாக்கியம் எல்லா நாட்டு வைத்தியர் வாயிலும் உண்டு போலும்.

எல்லா முதியவரையும் வலிந்து அழைத்துச் சோதித்தல் நன்று என்பதற்குப் போதிய சான்று இல்லை என 2021 ஆம் ஆண்டிலே அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் குழு கூறியது உண்மையே. ஆனால் அக்கூற்று, குறை எதனையும் உணராதவரைப் பற்றியது. வினாவுக்கு மாறான விடை சொல்பவரையும், மகள் வாய்வழியே பேசுபவரையும் கண்முன்னே வைத்துக்கொண்டு அதனைச் சாட்டாக்குவது முறையன்று.

துண்டு கிடைத்தபின்னும் அது அலுமாரியிலே உறங்கிவிடுதல் உண்டு. முதியவர் தனியே நகரத்துக்குச் செல்ல இயலாது. மகனோ மகளோ உடன் சென்றால் அன்றைய பேர் போய்விடும். பிரட்டுக் களத்திலே பேர் இல்லையென்றால் கூலியில்லை. ஒரே நாளில் வேலை முடியும் என்பதும் இல்லை. நிபுணரைக் காண ஒரு நாள், ஒலிமானிச் சோதனைக்கு ஒரு நாள், கருவிக்கு அளவெடுக்க ஒரு நாள். இவற்றையெல்லாம் அறிந்த வைத்தியர், நீரிழிவுக் கிளினிக்குக்குச் செல்லும் நாளிலேயே காதுக் கிளினிக்கும் அமையுமாறு திகதி கேட்டு எழுதுவார். முதியவர் தமிழ் பேசுபவர் என்பதையும், எந்தக் காது மோசம் என்பதையும், எந்தெந்த மருந்து உட்கொள்கிறார் என்பதையும் அதே துண்டில் நான்கு வரியிற் குறிப்பார். இந்நாட்டிலே செவிப்புல வல்லுநர் தொகை குறைவு. களனிப் பல்கலைக்கழகத்தின் இராகமை மருத்துவ பீடத்திலே அவர்களைப் பயிற்றுகின்றனர். சில நிமிடமே கிடைக்கும் அவர்களுக்கு அந்த நான்கு வரி பெருந்துணை.

கருவியைப் பற்றிப் பொய்யான நம்பிக்கை ஊட்டலாகாது. கண்ணாடி அணிந்தவுடன் எழுத்துத் தெளிவது போலச் செவிக்கருவி அணிந்தவுடன் பேச்சுத் தெளியாது. அது ஒலியைப் பெருக்கும். அழிந்த கலத்தை உயிர்ப்பியாது. முதல் நாள் தகரக் கூரையில் விழும் மழையே பேரிடியாய்க் கேட்கும். சில வாரம் பழகினால்தான் மூளை வேண்டியதை ஏற்று வேண்டாததை விலக்கக் கற்கும். இந்த எச்சரிக்கையைச் சொல்லாது கொடுத்த கருவி, மூன்றாம் நாளே பெட்டிக்குள் போய்விடுகிறது. கருவியாற் பயன்பெறக்கூடியவருள் நூற்றுக்கு 17 பேரே உலகிலே அதனை அணிகின்றனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கேகாலையின் ஓயாத மழையும் ஈரமும் கருவிக்குப் பகை. இரவிலே மின்கலத்தைக் கழற்றி, ஈரமுறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய டப்பாவில் வைத்தல் வேண்டும். வாங்கப் பொருளில்லாதோர் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் உதவி பற்றிக் கேட்டறியலாம். முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் தோட்டத்து முதியவருக்கும் உரியதே.

இவ்வளவு முயற்சியும் எதன்பொருட்டு என்று வினவுவோர் உளர். 2023 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் 70 முதல் 84 வயது வரையான 977 பேரை மூன்றாண்டு கவனித்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. செவிக்கருவியும் பயிற்சியும் பெற்றோருக்கு அறிவுத்தளர்ச்சி குறைந்ததா என்பதே வினா. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தளர்ச்சிக்கு மிகுந்த ஏதுவுடையோரிடத்தே அதன் வேகம் ஏறத்தாழப் பாதியாய்க் குறைந்திருந்தது. இஃது ஒருபுறம் இருக்க, கேகாலையிலே காரணம் தேட அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையாலே உடன்பிறந்தாரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு இங்கே தங்கியவர்கள் பலர் இன்று எழுபதையும் எண்பதையும் எட்டியவர்கள். தமிழ்நாட்டிலிருந்து தம்பியோ அக்காளோ தொலைபேசியில் அழைக்கும்போது, அக்கருவி பேச்சின் உயர்சுருதியைப் பெருமளவு வெட்டிவிட்டே அனுப்புகிறது; முகமும் உதடும் தெரிவதில்லை. லயத்து முதியவர் இரண்டு முறை 'என்ன, என்ன' என்று கேட்டுவிட்டுப் பேரனிடம் தொலைபேசியை நீட்டிவிடுகிறார். அன்றுமுதல் அக்காள் பேரனோடுதான் பேசுகிறாள்.

துண்டு எழுதும் வைத்தியர் செய்யத்தக்கது இன்னும் ஒன்று உண்டு. கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்திலே, மருந்தொவ்வாமை குறிக்கும் இடத்தருகே, சிங்களத்திலும் தமிழிலும் ஒரு வரி எழுதிவைக்கலாம்: 'செவி மங்கியவர், வலக்காது மேல், முகம் பார்த்து மெல்லப் பேசுக.' அடுத்த மாதம் வேறு வைத்தியர் அக்கொப்பியைத் திறப்பார். மருந்து கொடுப்பவரும் திறப்பார். மறுமுறை முதியவர் வரும்போது, இரத்த அழுத்தத்தை அளந்து முடித்தபின், 'காதுக் கிளினிக்குப் போனீர்களா ஐயா?' என்று, அவர் முகத்தைப் பார்த்து, ஒருமுறை கேட்கலாம்.